பிரிக்கப்படாத பெட்டியும் ஆடித் தீர்த்த ஆட்டமும்

ஒரு விளையாட்டுப் பொருளின் மதிப்பு அதை யாரும் விளையாடவில்லை என்பதில் இருக்கிறது என்று சொன்னால், குழந்தைகள்கூடச் சிரிப்பார்கள். ஆனால் பழைய வீடியோ கேம்களைச் சேகரிப்போரின் சந்தை இந்த விதியின்மேல்தான் நடக்கிறது. 2021 ஜூலையில், உறை பிரிக்கப்படாத சூப்பர் மரியோ 64 ஒன்று அமெரிக்க ஏலத்தில் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அடுத்த மாதமே பிரிக்கப்படாத ஒரு சூப்பர் மரியோ பிரதர்ஸ் 20 லட்சம் டாலருக்கு விற்றது. வாங்கியவர்கள் அதைப் பிரித்து ஆடப்போவதில்லை; பிரித்த கணத்தில் மதிப்பு சரிந்துவிடும்.

இந்தச் சந்தையை எடைபோட எக்சைட்பைக் என்ற பழைய ஆட்டம் நல்ல உரைகல். நிண்டெண்டோவுக்காக ஷிகெரு மியாமோட்டோ வடிவமைத்து 1984 நவம்பரில் ஜப்பானில் வெளியானது. காசு போட்டு ஆடும் கூடங்களுக்கான வடிவமும் அதே ஆண்டில் வந்தது. மண் தடத்தில் மோட்டார் சைக்கிள் பந்தயம், அவ்வளவுதான். ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி ஓடும். மற்றொன்றை அழுத்தினால் பறக்கும். பறக்கும் ஆசையில் விரலை எடுக்காமல் இருந்தால் எஞ்சின் சூடேறி, வண்டி ஓரத்தில் நின்றுவிடும். மற்றவர்கள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டு சூடு தணியும்வரை காத்திருக்க வேண்டும். மேட்டில் எழும்பி இறங்கும்போது முன்சக்கரத்தின் கோணம் பிசகினால் குப்புற விழ வேண்டியதுதான். வேகத்துக்கும் நிதானத்துக்கும் நடுவிலான இந்த இழுபறியை ஆடித்தான் அறிய முடியும். பெட்டியின் படத்தைப் பார்த்து அறிய முடியாது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆடுபவரே தடத்தை வரையும் வசதியை இந்த ஆட்டம் தந்தது. 19 வகை மேடுபள்ளங்களை வேண்டியபடி அடுக்கிச் சொந்தப் பந்தயத் தடம் அமைக்கலாம். வரைந்ததைச் சேமிக்க ஜப்பானில் தனியாக ஒரு ஒலிநாடாக் கருவி விற்றார்கள். அந்தக் கருவி பிற நாடுகளுக்கு வரவில்லை. திரையில் 'சேமி' என்ற சொல் மட்டும் வந்தது. ஆகவே பிள்ளைகள் மணிக்கணக்கில் இழைத்த தடங்கள் எல்லாம் மின்சாரத்தை நிறுத்தியதும் அழிந்தன. வாசலில் விடியற்காலை போட்ட கோலம் மாலைக்குள் கால்பட்டு அழிவதைப் போல. கோலத்தை யாரும் ஏலம் விட்டதில்லை. ஆனால் கோலமாவுப் பொட்டலம் பிரிக்கப்படாமல் இருந்தால் அதற்கு லட்சம் கொடுக்க ஆள் இருக்கிறது என்பதுதான் இன்றைய நிலைமை.

நம் பக்கத்துக்கு இந்த ஆட்டம் வந்த வழி வேறு. தொண்ணூறுகளில் ஜப்பானியக் கருவியைப் பார்த்துச் செய்த மலிவான நகல்கள் 'டிவி கேம்' என்ற பெயரில் ஊர் ஊராய்ப் பரவின. கார்ட்ரிட்ஜை நாம் 'கேசட்' என்றோம். 9999 ஆட்டங்கள் என்று மேலே அச்சிட்டிருக்கும். உள்ளே சில ஆட்டங்களே பெயர் மாறி மாறி வரும். அவற்றுள் இந்தப் பைக் பந்தயமும் இருக்கும். குச்சனூரில் ஆடிச் சனிக்கிழமைகளில் சுயம்பு சனீஸ்வரரைத் தரிசிக்க வரும் கூட்டத்தை நம்பிக் கடைகள் முளைக்கும். சுரபி நதியில் குளித்து எள் விளக்கு ஏற்றிவிட்டுத் திரும்பும் குடும்பங்களிடம் பிள்ளைகள் அடம்பிடிக்கும் பொருள்களில், அன்று கையடக்க விளையாட்டுக் கருவிகளும் சேர்ந்துகொண்டன. கம்பம் பள்ளத்தாக்கில் எங்கள் தலைமுறைக்கு மின்னணு விளையாட்டு என்றால் இவைதான்.

உலகச் சேகரிப்பாளருக்கு இந்த நகல்கள் குப்பை. 1985 அக்டோபரில் நியூயார்க்கில் முதலில் விற்பனைக்கு வந்த எக்சைட்பைக் பெட்டிக்கு இருக்கும் மரியாதையில் நூற்றில் ஒரு பங்கும் இவற்றுக்குக் கிடையாது. ஆனால் நமது வரலாறு அந்த நியூயார்க் பெட்டியில் இல்லை. எழுத்துப்பிழையோடு அச்சான அட்டையிலும், மணிக்கு இவ்வளவு என்று வாடகை எழுதிய கடைப் பலகையிலும்தான் இருக்கிறது.

விலை இருந்தால்தான் பொருள் பிழைக்கும் என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. விலைபோகாத பொருளைப் பழைய இரும்புக்காரரிடம் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுவிடுவது நம் வழக்கம். எனினும் விலை காப்பாற்றுவது பொருளின் தோலை மட்டும். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான வீடியோ கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை என்று 2023இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. இலட்சங்கள் புரளும் சந்தை இருந்தும் இதுதான் நிலை. எக்சைட்பைக் பிழைத்தது ஏலத்தால் அன்று. அதன் கூடத்து வடிவம் 2018இல் மறுபடி ஆடக் கிடைக்கும்படி வெளியிடப்பட்டதால்.

குச்சனூருக்குப் பக்கத்தில்தான் சின்னமனூர். அங்கே கிடைத்த பாண்டியர் செப்பேடுகளைச் செம்பின் எடைக்கு மதிப்பிட்டிருந்தால் ஒரு அண்டா செய்யத்தான் உதவியிருக்கும். யாரோ படித்ததால்தான் மதுரையில் சங்கம் இருந்ததையும் மகாபாரதம் தமிழாக்கப்பட்டதையும் பாண்டியர்களே சொல்லிக்கொண்ட செய்தி நமக்குக் கிடைத்தது. கோட்டையூரில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் திருமண அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்தார். அன்று அவற்றுக்கு விலையில்லை. அவர் 1992இல் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. அது இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக, எவரும் புரட்டிப் பார்க்கும் நிலையில் இருக்கிறது. சேகரிப்பு என்ற சொல்லுக்கு நான் கொள்ளும் பொருள் இதுவே: பலர் கை படுவதற்காகக் காப்பது.

சிற்றிதழ் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 'எழுத்து' பழைய இதழ் ஒன்று கிடைத்தால் நாம் அதைப் பாலித்தீன் உறையில் போட்டுப் பூட்டுவதா, நண்பருக்குப் படிக்கக் கொடுப்பதா? கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் நாட்டுப்புற விளையாட்டுகளைத் தொகுத்திருக்கின்றன. பல்லாங்குழியும் சடுகுடுவும் ஆய்வேடுகளாகியுள்ளன. அந்த வரிசையில் டிவி கேமுக்கும் ஓரிடம் வேண்டும். வாடகைக் கடை நடத்தியவர்களுக்கு இன்று அறுபது வயதை ஒட்டியிருக்கும். அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு மாணவர்களை அனுப்பலாம். பரணில் கிடக்கும் கேசட்டை எடுத்துத் தூசி தட்டி, ஓடுகிறதா என்று பார்க்கலாம். ஓடினால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கொடுங்கள். அது ஒரு தடம் வரையட்டும்.