உப்பிட்டவர் யார்?

தொலைக்காட்சியில் சமைத்துக் காட்டிப் புகழ் பெற்ற ஒருவர் புகாரில் சிக்கி வீழ்ந்தால், "கைப்பக்குவம் இருக்கிறது, ஆள் எப்படியிருந்தால் நமக்கென்ன?" என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. இக்கேள்வியில் ஒரு தரப்பு விட்டுப்போகிறது என்பது என் தாழ்மையான கருத்து.

அமெரிக்காவின் மாரியோ படாலியை எடுத்துக்கொள்வோம். இத்தாலியச் சமையலில் பெயர் பெற்றவர். நியூயார்க்கில் 1998இல் கூட்டாளியுடன் 'பாபோ' உணவகத்தைத் தொடங்கினார். 2011 முதல் ஏபிசி தொலைக்காட்சியின் 'தி சூ' நிகழ்ச்சியிலும் தோன்றிவந்தார். 2017 டிசம்பரில், அவர் தகாத முறையில் தொட்டதாக நான்கு பெண்கள் கூறிய செய்தி வெளியாயிற்று. சில நாட்களில் ஏபிசி அவரை நீக்கிவிட்டது. ரசிகர்களுக்கு அவர் அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தின் முடிவில், இலவங்கப்பட்டை சேர்த்த இனிப்பு ரொட்டிக்கான செய்முறையையும் இணைத்திருந்தார்! 2019இல் உணவகங்களிலிருந்த தம் பங்கை விற்று வெளியேறினார். 2022 மே மாதம், ஒரு பெண்ணின் புகார் மீதான குற்ற வழக்கில் பாஸ்டன் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. அதே ஆண்டில் இரு பெண்கள் தொடுத்த நஷ்டஈட்டு வழக்குகள் சமரசமாக முடிந்தன.

"பாவம், திறமை வீணாயிற்றே" என்றனர் சிலர். "நன்றாக வேண்டும்" என்றனர் வேறு சிலர். இரு சாராரும் ஒரே மனிதரைத்தான் பார்த்தனர். அவருடைய உணவகங்களில் வேலை பார்த்தவர்களை யார் நினைத்தார்கள்?

நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் நினைத்தது. அதன் விசாரணையில், மேலாளர்களும் சக ஊழியர்களும்கூடப் பாலியல் தொல்லை கொடுத்தது தெரியவந்தது. 2021 ஜூலையில், குறைந்தது 20 முன்னாள் ஊழியர்களுக்கு 6 லட்சம் டாலர் வழங்கப் படாலியும் கூட்டாளியும் நிறுவனமும் ஒப்புக்கொண்டனர். ஊழியர் பயிற்சி முறையைத் திருத்தவும், அரசுக்கு அவ்வப்போது அறிக்கை தரவும் நிறுவனம் இசைந்தது.

ரயில் விபத்து நடந்தால், டிரைவரை சஸ்பெண்ட் செய்வதோடு விசாரணை முடிவதில்லை. சிக்னல், தண்டவாளம், பராமரிப்பு அனைத்தையும் பார்த்தால்தான் அடுத்த விபத்தைத் தடுக்கலாம். உணவகத்துக்கும் இது பொருந்தும். பிரபலத்தை நீக்குவது தண்டனை. பழுது நீக்குவது வேறு வேலை.

நம் நாட்டில் அதற்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் இடத்தில், பெண் ஊழியர்களின் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு அமைக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைமை தாங்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதங்களுக்குள் புகார் தரவேண்டும். தக்க காரணமிருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். சிறிய உணவகமானால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம்.

நம் பெண்கள் பலர் கேட்டரிங் படித்து ஹோட்டல்களில் சேருகிறார்கள். சம்பளம் எவ்வளவு, தங்க இடம் உண்டா, இரவில் வண்டி வருமா என்றெல்லாம் விசாரிக்கிறோம். அந்தக் குழு இருக்கிறதா, தலைவி யார் என்றும் கேட்போம். வேற்று மொழியில் புகார் எழுதத் தடுமாறும் பெண்ணுக்கு உதவ நம் சங்க அன்பர்களும் முன்வரலாம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கச் சொன்னார்கள் நம் பெரியோர். திரையில் சிரிக்கும் சமையல்காரர் மட்டுமா உப்பிட்டார்? உள்ளே வியர்வை வழிய நிற்கும் அந்தப் பெண்ணும் உப்பிட்டவள்தானே!