முந்திரிக் கன்றுக்கு முத்திரை வேண்டாமா?

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். பீங்கான் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தால், அடியிலுள்ள முத்திரை செய்தவர் பெயரைச் சொல்லிவிடும். அவ்வூரின் மற்றொரு செல்வமான முந்திரிக்கு அப்படி ஒரு முத்திரை உண்டா?

விருத்தாசலம் வட்டார ஆராய்ச்சி நிலையம் வி.ஆர்.ஐ. 3 என்னும் உயர்ந்த ரகத்தை 1991-ல் அளித்தது. கொட்டை போட்டு முளைத்த கன்று தாய் மரத்தைப் போலவே இருக்காது. தாய் மரத்துக் குச்சியை ஒட்டுக் கட்டினால்தான் ரகம் நிலைக்கும். ஆனால், அந்தக் குச்சி எந்த மரத்துக் குச்சி? கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம். காய்ப்புக்கு வரும்வரை சில வருஷங்கள் காத்திருக்க வேண்டும். 2011 டிசம்பர் 30-ல் 'தானே' புயல் கடலூர் மாவட்டத்துத் தோப்புகளைச் சாய்த்த பிறகு மறுபடியும் கன்று நட்டவர்கள், அந்த வருஷங்களின் அருமையை அறிவார்கள்.

விஞ்ஞானம் இதற்கு வழி காட்டுகிறது. பாக்டீரியாக்களிடம் விசித்திரமான நொதிகள் உண்டு. தம்மைத் தாக்கும் வைரஸின் டி.என்.ஏ. இழையை, குறிப்பிட்ட எழுத்து வரிசை உள்ள இடங்களில் மட்டும் அவை நறுக்கிவிடும். அமெரிக்க விஞ்ஞானி டானியல் நாதன்ஸ் 1971-ல் ஒரு வைரஸின் டி.என்.ஏ.வை இவ்வாறு 11 துண்டுகளாக்கினார். பின்னர் துண்டுகளின் வரிசையைக் கண்டறிந்து படமும் வரைந்தார். வெர்னர் ஆர்பர், ஹாமில்டன் ஸ்மித் ஆகியோருடன் 1978-ல் நோபல் பரிசும் பெற்றார்.

துண்டுகளைக் கூழ்ப் பலகையில் இட்டு மின்சாரம் பாய்ச்சினால் சிறியவை முந்தும், பெரியவை பிந்தும். மரத்தின் டி.என்.ஏ. மிகப் பெரிது, ஆதலால் தேர்ந்த சில பகுதிகளை மட்டும் பார்ப்பார்கள். ரகம் மாறினால் வெட்டு விழும் இடங்களும் சில மாறும். துண்டுகளின் அளவும் மாறும். இதுவே இயற்கை இட்ட முத்திரை! இதனினும் விரைவான டி.என்.ஏ. சோதனைகளும் இன்று வந்துவிட்டன.

ஆகவே, தாய் மரங்களின் அடையாளத்தைப் பதிந்து வைத்து, விற்பனைக்கு வரும் கன்றுகளைச் சோதிப்பது சர்க்காரின் கடமை. ஒட்டுக்கு மேலே துளிர்த்த இலையைச் சோதிக்க வேண்டும். கீழே உள்ள வேர்ச்செடி வேறு அல்லவா? செலவு அதிகம் என்பார்கள். ஒவ்வொரு கன்றையும் சோதிக்க வேண்டியதில்லை. தொகுதிக்குச் சில போதும். இந்த முத்திரை விளைச்சலுக்கு ஜாமீன் ஆகாது என்பதும் உண்மை. மண்ணும் மழையும் பூச்சியும் தத்தம் பங்கைக் கேட்கத்தான் செய்யும். ஆனால், பணம் கொடுத்த ரகம்தான் கைக்கு வந்ததா என்பதையாவது விவசாயி அறியலாம்.

கோப்பை உடைந்தால் வேறு வாங்கலாம். வீணாய்ப் போன வருஷங்களை எந்தக் கடையில் வாங்குவது?