பிள்ளையின் ஆங்கில வாக்கியம்: கோத்தா கோலா மூடா வட்டாரத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வந்துவிடும். ‘நான் சோறு சாப்பிட்டேன்’ என்று வீட்டில் சொல்லும் பிள்ளை ‘ஐ ரைஸ் ஏட்’ என்று எழுதுவது அதனால்தான். கோத்தா கோலா மூடாவில் வளரும் பிள்ளைக்கு இது பெரிய தடையல்ல. பக்கத்து வீட்டில் அது மலாயில் பேசும் ‘சாயா மாக்கான் நாசி’யும் ‘ஐ ஈட் ரைஸ்’ஸும் ஒரே வரிசை. மூன்று தாள் துண்டுகளில் மலாய்ச் சொற்களை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலச் சொல்லை வைத்துக் காட்டினால் ஆறு வயதிலேயே பிடிபட்டுவிடும்.

காலம் காட்டுவதில்தான் மலாய் உதவாது. ‘மாக்கான்’ நேற்றும் மாக்கான், நாளையும் மாக்கான். கடைத்தெருவில் காதில் விழும் ‘ஐ ஈட் ஆல்ரெடி’ அந்தப் பழக்கத்தை ஒத்தது. (பேச்சில் அது செல்லும், பரீட்சைத் தாளில் செல்லாது.) இங்கே தமிழ் கைகொடுக்கும். சாப்பிட்டேன், சாப்பிடுகிறேன், சாப்பிடுவேன் என்று வினையையே மாற்றிப் பழகிய பிள்ளைக்கு ‘ஈட்’ ஏன் ‘ஏட்’ ஆகிறது என்பது புதிரல்ல. ‘எ’, ‘தி’ வேறுபாட்டுக்கும் பாட்டி கதையே போதும்: ஒரு ஊரில் ஒரு ராஜா, அந்த ராஜாவுக்கு இரண்டு மனைவி. முதலில் வருகிற ‘ஒரு’தான் ‘எ’, அடுத்து வருகிற ‘அந்த’தான் ஏறக்குறைய ‘தி’. ஆங்கிலம் வரவேண்டும் என்று வீட்டில் தமிழை நிறுத்துவது பிள்ளைக்கு நட்டம்.

இரு மொழியும் உதவாத இடம் ‘இஸ்’. ‘இது மரம்’, ‘இனி போக்கோக்’ இரண்டிலும் அதற்கு இணையான சொல் இல்லை. ‘திஸ் இஸ் எ ட்ரீ’ என்று சொல்லிச் சொல்லித்தான் பழக்க வேண்டும்.

2018 வாக்கில் தமிழ்ப்பள்ளிகளுக்கு வந்த ‘சூப்பர் மைண்ட்ஸ்’ பாடநூல் விதியை முன்னே வைக்காமல் பாட்டிலும் கதையிலும் வாக்கியத்தைப் பழக்குகிறது. சின்னப் பிள்ளைக்கு அதுவே சரி. ஆனால் வகுப்பில் ஒரு பிள்ளை வாய் திறக்கக் கிடைப்பது சில நிமிடம்தான். மீதியை வீடு தரவேண்டும். கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறிய 2003-இல் ஆண்டு ஒன்றில் உட்கார்ந்தவர்களுக்கு இன்று முப்பதை ஒட்டிய வயது. அவர்களில் பலர் பெற்றோர். ‘எனக்கு இங்கிலீஷ் வராது’ என்று அவர்கள் ஒதுங்கத் தேவையில்லை.

பெற்றோர் மாலையில் பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். படிவம் ஐந்து முடித்த அண்ணன், அக்காமார் வாரத்தில் ஒரு மாலை அக்கம்பக்கப் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் படக்கதைப் புத்தகங்களைப் பக்கத்துப் பாலர் பள்ளிக்குக் கொடுக்கலாம். பிழையைக் கேலி செய்யக் கூடாது. பிள்ளை ‘ஐ ரைஸ் ஏட்’ என்றால், ‘ஓ, யூ ஏட் ரைஸ்? வித் ஃபிஷ்?’ என்று சரியான வரியைச் சொல்லியபடியே பேச்சைத் தொடர்ந்தால் போதும்.