அபராதத்துக்கு ஒரு தொப்பி

அடுத்த முறை சிக்னலில் நிற்கும்போது அக்கம்பக்கம் பாருங்கள். ஒரு ஹெல்மெட் பெட்ரோல் டாங்க் மேல் உட்கார்ந்திருக்கும். ஒன்று முழங்கையில் தொங்கும். தலையில் ஏறியதும் பாதி, காதுக்கு மேலேயே முடிந்துபோகிற சட்டி. வார் மாட்டியிருக்காது. கேட்டால், "போலீஸ் பிடிச்சா ஆயிரம் ரூபாய் சார்!"

ஆக, நாம் காப்பாற்றுவது ஆயிரம் ரூபாயை. தலை அப்புறம்தான். முகம் கணக்கிலேயே இல்லை.

வண்டியிலிருந்து விழுகிறவர் உச்சந்தலையில்தான் விழ வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மூக்கு, கன்னம், தாடை, எது வேண்டுமானாலும் முதலில் தார்ரோட்டைத் தொடலாம். கண்குழியின் தரை காகிதம் மாதிரி மெல்லிசு; அது உடைந்தால் எதிரே வரும் ஒரு லாரி இரண்டாகத் தெரியலாம். மோவாயில் அடிபட்டால் காதுக்குப் பக்கத்தில் தாடை மூட்டு முறியலாம். குழந்தைக்கு இப்படி ஆகி, கவனிக்காமல் விட்டால் மூட்டு ஒட்டிக்கொண்டு வாயே திறக்காமல், தாடை வளராமல் போகலாம். பிள்ளையை டாங்க் மேல் உட்காரவைத்து ஓட்டும் அப்பாக்கள் இதை இன்னொரு முறை படிக்கவும்.

"அதான் பிளாஸ்டிக் சர்ஜரி இருக்கே!" என்பீர்கள். இருக்கிறது. டாக்டர் முதலில் பார்ப்பது உங்கள் அழகை அல்ல, மூச்சை. தாடை நொறுங்கினால் நாக்கு பின்னால் சரியும், ரத்தம் தொண்டையை அடைக்கும். மூச்சைக் காப்பாற்றிய பிறகுதான் ஸ்கேன், ஆபரேஷன். மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் பொருத்திக் கம்பியால் கட்டுவார்கள். பல் சரியாகக் கடித்தால்தான் எலும்பு அதன் இடத்துக்கு வந்ததாக அர்த்தம். பிறகு குட்டி ஸ்க்ரூ போட்டு டைட்டானியம் தகடு. பல சமயம் வாய்க்குள்ளேயே கீறிச் செய்வதால் வெளியே தழும்புகூடத் தெரியாது. கையெடுத்துக் கும்பிட வேண்டிய வித்தை. ஆனாலும் மரத்துப்போன கன்னத்துக்கு உணர்ச்சி திரும்பும் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார்.

இந்த வித்தை பெரிதாக வளர்ந்ததே முதல் உலகப்போரில்தான். பதுங்குகுழிச் சிப்பாய்களின் மண்டையை இரும்புத் தொப்பி காத்தது. முகத்தைக் காக்கவில்லை. உயிரோடு திரும்பியவர்களில் பலருக்கு முகம் இல்லை. நியூசிலாந்தில் பிறந்த டாக்டர் ஹரோல்ட் கில்லீஸ், இங்கிலாந்தில் சிட்கப் என்ற ஊரில் 1917-ல் திறந்த ஆஸ்பத்திரியில் அவர்களுக்குத் தாடையும் மூக்கும் செய்து கொடுத்தார். 5,000-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே வந்தார்கள். வார்டில் முகம் பார்க்கும் கண்ணாடிக்குத் தடை!

அந்தப் பையன்களுக்கு வேறு தொப்பி கிடைக்கவில்லை. உங்களுக்கோ தாடை வரை மூடும் ஹெல்மெட் அதே கடையில், பக்கத்துத் தட்டிலேயே இருக்கிறது. இருந்தும் சட்டியை வாங்குகிறீர்கள்.

அரசாங்கமும் யோக்கியம் இல்லை. சட்டம் 'தலைக்கவசம்' என்பதோடு நின்றுவிடுகிறது. முகம் திறந்த ஹெல்மெட்டும் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு விற்கிறது. தலைமேல் ஏதோ ஒன்று கவிழ்ந்திருந்தால் போலீஸ்காரரும் கையை ஆட்டி அனுப்பிவிடுகிறார். தாடைக்கும் சேர்த்துக் கட்டாயமாக்க என்ன தயக்கம்?

வியர்க்குது, முடி கொட்டுது என்கிறீர்களா? வியர்வையைத் துடைத்துக்கொள்ளலாம். வழுக்கைத் தலையோடு இட்லியை மென்று தின்னலாம். தாடை உடைந்தால் கஞ்சியை உறிஞ்சத்தான் முடியும்.

கடைசியாக ஒன்று. உங்களுக்குப் பின்னால், ஹெல்மெட்டே இல்லாமல், ஒருக்களித்து உட்கார்ந்து வருகிறாரே உங்கள் மனைவி... அவருக்கும் முகம் இருக்கிறது. இரண்டாக வாங்குங்கள்.