உழைத்தவர்க்கு ஒரு நாள்

முதியோரைப் போற்றாத மேடை நம் நாட்டில் இல்லை. "மூத்தோர் நம் செல்வங்கள்" என்று பேசாத தலைவரும் இல்லை. அந்தச் செல்வங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடிப் பார்த்தால், வீட்டுத் திண்ணையில் இருக்கின்றன. ரேஷன் கடை வரிசையில் இருக்கின்றன. அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கும் வரிசையில் இருக்கின்றன. இந்த மூன்று இடங்களுக்கு அப்பால், ஆண்டில் ஒரு நாளேனும், தம் வயதொத்த நாற்பது பேரோடு ஒரு பஸ்ஸில் ஏறி, ஓர் அணைக்கட்டையோ ஒரு கடற்கரையையோ கண்டு களித்து, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப அவர்களுக்கு வழி உண்டா? இதுவே இன்று நாம் எழுப்பும் கேள்வி.

"விலைவாசி கழுத்தை நெரிக்கிறது, வேலையில்லாத் திண்டாட்டம் வாட்டுகிறது, இந்த நேரத்தில் கிழவர்களுக்கு உல்லாசப் பயணமா?" என்று கேட்பாரும் உளர். நாம் கேட்பது உல்லாசமன்று. உழைத்தவனுக்கு ஓய்வு என்பது உரிமை. அந்த உரிமையை யாரும் தானமாகத் தந்துவிடவில்லை. சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கு இங்கிலாந்தில் 1938-இல்தான் சட்டம் பிறந்தது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதைத் தொழிலாளிக்கு உறுதி செய்தது. இயந்திரத்தின் முன் நிற்கும்வரை ஓய்வுக்கு உரிமை உண்டு, இயந்திரத்தை விட்டு இறங்கியதும் அந்த உரிமை செத்துவிட்டது என்றால், அது எந்த ஊர் நியாயம்?

2011-ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கின்படியே, தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். ஏறத்தாழ 75 லட்சம் பேர்! அதன்பின் இந்தத் தொகை ஏறியிருக்கிறதே தவிர இறங்கவில்லை. இவர்கள் எல்லோரும் ஒரே நிலையில் இருப்பவர்கள் அல்லர். மூன்று படிகளில் நிற்கிறார்கள்.

முதற்படியில் நிற்போர் சர்க்கார் உத்தியோகத்திலும் ஆசிரியர் பணியிலும் இருந்து, மாதந்தோறும் பென்ஷன் பெறுவோர். இவர்களுக்குச் சங்கம் உண்டு. சங்கத்திலே கூடிப் பேசி, ஆளுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு, வேனோ பஸ்ஸோ அமர்த்திக்கொண்டு போய்வருகிறார்கள். புளியோதரைப் பொட்டலமும் மாத்திரைப் பையுமாக அவர்கள் கிளம்பும் காட்சியை எந்த ஊரிலும் காணலாம். நல்ல பழக்கம், வாழ்க!

இரண்டாம் படியில் நிற்போர் பஞ்சாலையிலும் சர்க்கரை ஆலையிலும் தனியார் கம்பெனிகளிலும் உழைத்து ஓய்ந்தவர்கள். வருங்கால வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் மத்திய அரசு நிர்ணயித்தது. பத்தாண்டு கழிந்தும் அந்தத் தொகை அசையவில்லை. அரிசி விலை அசைந்தது, மருந்து விலை அசைந்தது, வீட்டு வாடகை அசைந்தது; ஆயிரம் ரூபாய் மட்டும் அசையாமல் நிற்கிறது.

மூன்றாம் படியில் நிற்போர் ஓய்வு பெற்றோர் என்ற பட்டியலிலேயே இல்லாதவர்கள். நாற்று நட்ட பெண், மூட்டை தூக்கிய மனிதர், சூளையிலே கல் அறுத்தவர். கை ஓய்ந்த நாள்தான் இவர்கள் ஓய்வு பெற்ற நாள். இவர்களில் ஆதரவற்றோருக்கு மாநில அரசு தரும் முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதில் மத்திய அரசின் பங்கு எவ்வளவு தெரியுமா? அறுபது முதல் எழுபத்தொன்பது வயதுவரை உள்ளவருக்கு, அதுவும் அதன் பட்டியலில் இடம்பெற்றவருக்கு, மாதம் 200 ரூபாய்!

பஸ் பயணத்தைப் பேசும்போது, பஸ் ஓட்டியவரையே மறந்துவிடலாமா? முப்பது ஆண்டு ஊரையெல்லாம் ஏற்றி இறக்கிய டிரைவரும் கண்டக்டரும், ஓய்வு பெற்றபின் தங்கள் அகவிலைப்படிக்காக ஆண்டுக்கணக்கில் காத்து நின்றார்கள். 2024 ஜனவரியில் போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது முன்வைத்த கோரிக்கைகளில் ஓய்வு பெற்றோரின் இந்தப் பாக்கியும் ஒன்று.

ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பயணம் என்ற பொம்மையைக் காட்டிப் பென்ஷன் என்ற பசியை மறக்கச் செய்யும் வித்தைக்கு நாம் உடன்பட மாட்டோம். பென்ஷன் முதலில், பயணம் அதனோடு.

சரி, முதியோரின் பயணத்துக்கு ஆட்சியாளர் இதுவரை செய்தது என்ன? மத்திய ஆட்சி செய்ததை முதலில் பார்ப்போம். ரயிலில் அறுபது வயதான ஆண்களுக்கு நூற்றுக்கு 40 பங்கும், ஐம்பத்தெட்டு வயதான பெண்களுக்கு நூற்றுக்கு 50 பங்கும் கட்டணச் சலுகை இருந்தது. 2020 மார்ச்சில், கொரோனாவைக் காட்டி அதை நிறுத்தினார்கள். தொற்று ஓய்ந்தது. ரயில்கள் ஓடின. கூட்டம் வழிந்தது. சலுகை மட்டும் திரும்பி வரவில்லை. நோய் வந்தபோது போனது, நோய் போனபின் வரவேண்டாமா?

மாநிலத்தில் சில நல்ல காரியங்கள் நடந்துள்ளன. மறைக்க மாட்டோம். சென்னையில் மூத்தோருக்கு மாநகர பஸ்ஸில் மாதம் பத்து முறை இலவசமாகச் செல்ல டோக்கன் தரும் ஏற்பாடு 2016-இல் வந்தது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிப் போகிறார்கள். பேத்தியைப் பார்க்கவும் சந்தைக்குப் போகவும் மகனிடம் காசுக்குக் கை நீட்டாமல் பாட்டி பஸ் ஏறுகிறாள் என்றால், அது சிறிய மாற்றமன்று. ஆனால் நகரப் பஸ் நகர எல்லையோடு நின்றுவிடுகிறது. பாட்டிக்குக் கட்டணம் இல்லை; பக்கத்தில் நிற்கும் தாத்தாவுக்கு உண்டு.

அறநிலையத் துறை 2024 முதல் அறுபடை வீடுகளுக்கு மூத்தோரை இலவசமாக அழைத்துச் செல்கிறது. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களுக்கும், புரட்டாசியில் பெருமாள் கோயில்களுக்கும் அழைத்துச் சென்றிருக்கிறது. கும்பிட விரும்புவோர் மகிழ்ச்சியோடு போய் வரட்டும். நமக்கு மனக்குறை இல்லை. ஆனால் இரண்டு கேள்விகள் உண்டு. அறுபது முதல் எழுபது வயதுவரை என்று எல்லை வகுத்திருக்கிறார்களே, எழுபத்தொன்றில் மனிதனுக்கு ஆசை அற்றுப்போகிறதா? கோயில் செல்ல ஒரு துறை உண்டு. கோயிலல்லாத இடங்களைக் காண விரும்பும் முதியவருக்கு எந்தத் துறை உண்டு?

தஞ்சைத் தரணியில் ஆயுள் முழுதும் மேட்டூர்த் தண்ணீரில் நாற்று நட்டவர், 1934 முதல் அந்தத் தண்ணீரைத் தேக்கி வரும் அணையைக் கண்ணால் கண்டாரா? மதுரை மில்லில் நூல் நூற்றவர், பக்கத்திலேயே 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தாரா? காஞ்சியில் தறியடித்தவர், மாமல்லையின் கல்லைத் தொட்டுப் பார்த்தாரா? வெளிநாட்டார் விமானம் ஏறி வந்து பார்க்கும் இடங்களை, இரண்டு மணி நேரத் தொலைவிலிருக்கும் நம்மவர் பாராமலே கண் மூடுகிறார்கள்.

பிற நாட்டார் என்ன செய்தார்கள்? இங்கிலாந்து 2007-இல் சட்டம் செய்து, 2008 ஏப்ரல் முதல் தன் நாடு முழுவதும் மூத்தோர் உள்ளூர்ப் பஸ்களில் இலவசமாகச் செல்ல வழி வகுத்தது. வார நாட்களில் காலை 9.30 மணிக்குப் பிறகுதான் அது செல்லும். வேலைக்குப் போவோர் கூட்டம் ஓய்ந்தபின், காலியாகும் இருக்கை முதியவருக்கு! ஸ்பெயின் 1985-இல் ஓய்வு பெற்றோருக்கான அரசு விடுமுறைத் திட்டத்தைத் தொடங்கியது. கூட்டமில்லாத பருவத்தில் காலியாகக் கிடக்கும் கடற்கரை ஓட்டல்களுக்கு முதியோரை அனுப்பியது. முதியவர் மகிழ்ந்தார்; ஓட்டல் தொழிலாளிக்கும் வேலை நிலைத்தது.

அவ்வளவு தூரம் போவானேன்? பக்கத்திலே கேரளம் இருக்கிறது. அங்குள்ள அரசுப் போக்குவரத்துக் கழகம் நஷ்டத்தில் தத்தளித்த கழகம். 2021-இல் அது குறைந்த செலவுச் சுற்றுலாவுக்கென்று ஒரு தனிப்பிரிவு ஏற்படுத்தியது. சாதாரண மக்களைத் தன் சொந்தப் பஸ்களில் ஏற்றி, மூணாறுக்கும் மலக்கப்பாறைக்கும் கவிக்கும் அழைத்துச் செல்கிறது. நஷ்டம் என்று சொல்லிக் கதவை மூடவில்லை. நஷ்டத்தைக் குறைக்கவே கதவைத் திறந்தது!

நம்மிடம் பஸ் இல்லையா? 1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று தொடங்கிய அரசுப் போக்குவரத்து இன்று எட்டுக் கழகங்களாக, ஏறத்தாழ 20,000 பஸ்களோடு நிற்கிறது. மலைக் கிராமம்வரை அரசு பஸ் போகும் மாநிலம் இது. முகூர்த்த நாளிலும் பண்டிகை நாளிலும், வெள்ளி மாலையிலும் ஞாயிறு மாலையிலும் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஆனால் செவ்வாயும் புதனும்? இருக்கைகள் காற்று வாங்குகின்றன. நாட்டில் செவ்வாய்க்கிழமை முழுதும் ஓய்வாக இருப்பவர் யார்? ஓய்வு பெற்றவர்! காலியான இருக்கையையும் காத்திருக்கும் மனிதரையும் சேர்த்து வைப்பதற்கு நிபுணர் குழு வேண்டுமா?

கணக்கையும் பார்த்துவிடுவோம். 2018-இல் நிர்ணயித்த சாதாரணப் புறநகர்ப் பஸ் கட்டணம் கிலோமீட்டருக்கு 58 காசு. போக வர 150 கிலோமீட்டர் என்று வைத்தால் ஆளுக்கு 87 ரூபாய். ஆயிரம் ரூபாய் பென்ஷனில் இது பெரிய தொகை. பாதியை அரசு ஏற்றால், மீதியைத் தலைநிமிர்ந்து தம் கையால் கொடுப்பவர்கள் எத்தனையோ பேர். உதவித்தொகை பெறுவோருக்கு முழுதும் இலவசமாக்கலாம்.

பஸ்ஸை மட்டும் விட்டால் போதாது. வழியில் கழிப்பறை இல்லை என்ற பயத்தால், பயண நாளில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் வரும் மூதாட்டிகளை நாம் அறிவோம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சுத்தமான கழிப்பறையுள்ள இடத்தில் பஸ் நிற்க வேண்டும். ஏறும் படி தாழ இருக்க வேண்டும். 2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பஸ்கள் ஓடத் தொடங்கின. மற்ற ஊர்களிலும் அவை பெருகட்டும். முதலுதவி தெரிந்த ஒருவர் கூட வரவேண்டும். பத்து இடங்களை ஓடி ஓடிக் காட்டாமல், இரண்டே இடங்களை நிதானமாகக் காட்ட வேண்டும். தாலுகா தோறும் பெயர் பதிவு செய்து, இதுவரை எங்கும் போகாதவருக்கு முதலிடம் தர வேண்டும்.

மகன் திருப்பூரில், மகள் சென்னையில், பேரன் துபாயில் என்று குடும்பங்கள் சிதறிவிட்ட காலம் இது. வீட்டில் சோறு உண்டு, பேச ஆள் இல்லை. போகும் இடத்தைவிடக் கூடப் போகும் கூட்டமே முதியவருக்கு மருந்து. பழைய பாட்டு, பழைய சினிமா, பழைய வேலைநிறுத்தம் என்று பேசிக்கொண்டே போவார்கள். அந்தப் பேச்சை எந்த ஆஸ்பத்திரியில் எழுதித் தருவார்கள்?

"கழகங்களுக்கு ஏற்கெனவே நஷ்டம்" என்பார்கள். அந்தக் கழகங்களை வளர்த்தவர் யார்? டிக்கெட் எடுத்தும், வரி கட்டியும், படியில் தொங்கியும் ஐம்பது ஆண்டு வளர்த்தவர்கள் இந்த முதியவர்கள்தாம். அவர்கள் போட்ட முதலுக்கு வட்டியாக ஒரு செவ்வாய்க்கிழமையைக் கேட்கிறோம்.

மாவட்டத்துக்கு ஒரு பஸ், வாரத்துக்கு ஒரு நாள் என்று தொடங்கட்டும். போக்குவரத்துத் துறையும் சுற்றுலாத் துறையும் சமூக நலத் துறையும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால் ஒரே வாரத்தில் முடியக்கூடிய காரியம். மேடையில் செல்வங்கள் என்கிறீர்கள். அந்தச் செல்வங்களுக்குப் பஸ்ஸில் ஓர் இருக்கை தருவீர்களா?