நுரை அடிச்சா வண்டி நிமிருமா?

இந்த வாரம் ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். மேடு பள்ளமான இடத்துல காரை நிறுத்தினா, வழக்கமா ஒழுங்கா மூடுற கதவு அப்போ மட்டும் அடம் பிடிக்குதா? உங்க வீட்டு வண்டி அப்படின்னா இந்தப் பக்கத்தைக் கிழிச்சு பத்திரமா வெச்சுக்குங்க.

எங்க பெரியப்பாவோட கார் அப்படித்தான். ஒரத்தநாடு பக்கம் கிராமம். வண்டிக்கு வயசு இருபத்தாறு, என்னைவிட மூத்தது! அறுப்பு சமயத்துல களத்துமேட்டு ஓரம் ஒரு சக்கரத்தை வரப்புல ஏத்தி நிறுத்துவார். அவ்வளவுதான், பின்கதவு மூடாது. ஓடும்போது 'கிறீச் கிறீச்'னு ஒரு சத்தம் வேற. பாட்டியை மாசாமாசம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது அதே வண்டியிலதான்.

ஹாஸ்டல்ல இதைச் சொன்னேன். உடனே ஒருத்தன், "மச்சி, ஃபோம் அடிச்சு விடுடா, பாடி கல்லு மாதிரி ஆயிடும்"னான். ஜன்னல் சட்டம் மாட்டுறப்ப இடைவெளியை அடைக்க ஸ்ப்ரே பண்ணுவாங்களே, உப்பிக்கிட்டே வருமே, அந்த பாலியூரித்தேன் நுரைதான். கதவுக்குக் கீழே நீளமா ஓடுற பெட்டியை நம்ம ஊர் பட்டறையில ரன்னிங் போர்டுனு சொல்வாங்க. லாரிக்கு இருக்கிற மாதிரி தனி சேஸிஸ் சட்டம் இந்தக் காருக்குக் கிடையாது. பாடியேதான் சேஸிஸ். அதுல பெரிய பாரத்தைச் சுமக்கறது இந்தப் பெட்டிதான்.

கணக்குப் போட்டேன். ஒன்றரை மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் உயரம், 8 சென்டிமீட்டர் அகலம். மொத்தம் 12 லிட்டர் இடம். கனமீட்டருக்கு 30 கிலோ எடையுள்ள நுரையால நிரப்பினா வெறும் 360 கிராம்! சந்தோஷம் தாங்கல. ரெண்டு டப்பா வாங்கி பையில போட்டுக்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

நண்பன் சொன்னது சுத்தப் பொய்யும் இல்லீங்க. மாட்டுப் பொங்கலுக்கு மாடு கழுத்துல கட்டுற நெட்டி மாலையைப் பார்த்திருப்பீங்க. அதே நெட்டியில பெரிய கோயிலையே செதுக்கி வைக்கிறாங்களே, 2020-ல புவிசார் குறியீடு வாங்கினது, அது செடி தானா செஞ்ச நுரை. எடையே இருக்காது, ஆனா வடிவம் நிக்கும். கோழி இறகோட காம்பை வெட்டிப் பாருங்க. மெல்லிய ஓடு, உள்ளே வெள்ளையா நுரை. வெறும் ஸ்ட்ராவை வளைச்சா நடுவுல நசுங்கி மடங்கும். உள்ளே எதையாவது நிரப்பிட்டு வளைங்க, லேசுல மடங்காது. மெல்லிய தகடு நசுங்காம முட்டுக் கொடுக்கறதுதான் நுரையோட வேலை.

கார் கம்பெனிகளும் இதைச் செய்யுது. ஆனா கண்டபடி அடிக்கிறதில்ல. தூணும் சட்டமும் சேர்ற மூலையாப் பார்த்து, எபாக்ஸி நுரைத் துண்டை உள்ளே வெச்சுடுவாங்க. பெயின்ட் அடுப்புக்குள்ள பாடி போகும்போது அந்தச் சூட்டுல அது உப்பி இரும்போட ஒட்டிக்கும். புது இரும்பு, சுத்தமான இரும்பு. அதைக் கவனிச்சுக்குங்க.

இவ்வளவு தியரியையும் பெரியப்பாகிட்ட அளந்துட்டு, துளை போட ட்ரில்லிங் மெஷின் கேட்டு டிங்கர் பட்டறைக்குப் போனேன். பட்டறை அண்ணன் முழுசாக் கேட்டார். சிரிக்கல. ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். "தம்பி, மொதல்ல குத்திப் பாரு"ன்னு சொல்லி ரன்னிங் போர்டோட அடிப்பக்கம் ஒரு குத்து. பிடி வரைக்கும் உள்ளே போயிருச்சு! கையளவு துரு பொலபொலன்னு கொட்டுச்சு. பெரியப்பா முகத்தை நான் பார்க்கவே இல்ல.

இப்ப நீங்க ஒரு பேப்பரைக் குழாயாச் சுருட்டுங்க. ஓரத்தை ஒட்டாம ரெண்டு கையால முறுக்குங்க. சுலபமாத் திரும்பும். ஓரம் முழுக்க டேப் ஒட்டிட்டு முறுக்குங்க. திமிறும்! மூடின பெட்டிக்கும் நீளவாக்குல பிளந்த பெட்டிக்கும் முறுக்கைத் தாங்குறதுல நூறு மடங்குக்கும் மேல வித்தியாசம். துரு தின்ன ரன்னிங் போர்டு, டேப் பிரிஞ்ச பேப்பர் குழாய். இரும்போட மீள்தன்மை எண் 2 லட்சம் மெகாபாஸ்கல். அந்த டப்பா நுரைக்குப் பத்தைத் தொட்டாலே பெரிசு. போன இரும்புக்கு அது எப்படி ஈடாகும்?

இன்னும் இருக்கு. ஒரு டப்பா நுரை, காத்துல உள்ள ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். மூடின பெட்டிக்குள்ள மொத்தமா அடிச்சா மேலே தோல் கட்டும், உள்ளே பிசுபிசுன்னே கிடக்கும். ரெண்டு திரவம் கலக்குற ரகத்துக்கு அந்தப் பிரச்னை இல்ல. ஆனா அளவு தப்பினா உப்பி, தகட்டையே வீங்க வெச்சிடும்.

எல்லாத்தையும் விட முக்கியம், நம்ம ஊர் தண்ணி. ரன்னிங் போர்டுக்கு அடியில தண்ணி வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் உண்டு. வயல் சேறு, வைக்கோல் தூசு, ஐப்பசி அடைமழை, நாகப்பட்டினம் பக்கம்னா உப்புக் காத்து... இத்தனைக்கும் அந்த ஓட்டைதான் வடிகால். நுரை அதை அடைச்சா, வாய்க்கால் அடைபட்ட வயல் கதிதான் வண்டிக்கு. நுரைக்கும் தகட்டுக்கும் நடுவுல தேங்குற ஈரம் வெளியே தெரியாமலே இரும்பைத் தின்னும். அப்புறம் வெல்டிங் வைக்கவும் முடியாது. சூடு பட்டா நுரை எரியும். அந்தப் புகையில கார்பன் மோனாக்சைடோட ஹைட்ரஜன் சயனைடும் வரும். அண்ணன் ஒரே வரியில முடிச்சார்: "நீ அடிச்சிட்டு வந்திருந்தா நான் இதைத் தொட்டிருக்கவே மாட்டேன் தம்பி."

நெஞ்சு திக்குன்னுச்சு. அடிச்சிருந்தா கிறீச் சத்தம் கொஞ்சம் அடங்கியிருக்கும். 'புள்ள இன்ஜினீயருக்குப் படிக்குது'ன்னு பெரியப்பாவும் நம்பியிருப்பார். பக்கவாட்டுல யாராவது மோதுற அன்னிக்குத்தான் உள்ளே இரும்பே இல்லைன்னு தெரிஞ்சிருக்கும். பின்சீட்டுல பாட்டி.

ரெண்டு நாள் வேலை. துருவை வெட்டி எடுத்து, புதுத் தகடு வெச்சு வெல்டிங் பண்ணி, உள்ளே துரு தடுப்பு மெழுகு அடிச்சார். வடிகால் ஓட்டையைக் குத்திவிடுற வேலை மட்டும் எனக்கு. போன வாரம் அதே வரப்புல அதே சக்கரத்தை ஏத்தி நிறுத்தினோம். பின்கதவு 'டப்'னு மூடிச்சு. பெரியப்பா மூணு தடவை திறந்து திறந்து மூடினார்!

அந்த ரெண்டு டப்பா? பெரியம்மா சமையக்கட்டு ஜன்னலோரம் இருந்த சந்தை அடைச்சாச்சு. அதுக்குத்தானே செஞ்சது!

உங்க வீட்டு வண்டியிலயும் இந்த ஞாயித்துக்கிழமை குனிஞ்சு பாருங்க. அடியில வடிகால் ஓட்டை திறந்திருக்கா, தட்டினா 'டங்'னு கேக்குதா, 'தொப்'னு கேக்குதா? 'தொப்'னா நேரா பட்டறைக்குப் போங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!