எங்கள் பணத்தை ஆளும் வாரியங்களுக்கு: லுக்குட் தோட்டக் குடும்பங்களின் கோரிக்கைச் சாசனம்

போர்ட்டிக்சன் அருகே லுக்குட் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் நாங்கள் சேர்த்த பணம் கூட்டுறவுச் சங்கங்களிலும் முதலீட்டு நிறுவனங்களிலும் கோயில், பள்ளி வாரியங்களிலும் இருக்கிறது. அதன் உரிமையாளர்களாகவே பேசுகிறோம்.

1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி நூறு வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். துண்டாடப்படவிருந்த தோட்டங்கள் அந்தப் பணத்தால் தொழிலாளர் சொத்தாயின. 1982இல் தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் முதலீட்டு நிறுவனத்தில் ஏறத்தாழ 66,000 பேர் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களும் உண்டு. 2010இல் அந்த ஒரு வெள்ளிப் பங்குக்குக் கிடைத்த விலை 80 சென். ஏழைகளின் சிறுசேமிப்பு வளர்வதும் தேய்வதும் வாரியத்தின் கையில் இருக்கிறது. ஆகவே கேட்கிறோம்:

1. கணக்கறிக்கை தமிழிலும் வேண்டும். பொதுக்கூட்டத்திற்கு மூன்று வாரம் முன்பே எங்கள் கைக்கு வர வேண்டும். கூட்டத்தன்று வாசலில் புத்தகத்தைக் கொடுத்து, மதியச் சாப்பாட்டுக்குள் கைதூக்கச் சொன்னால் யாராலும் கேள்வி கேட்க முடியாது. அடுத்த கூட்டத்திலிருந்தே இது நடக்கட்டும்.

2. வாரியத்தில் அமர்பவர் ஐந்தொகை படிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். தெரியாதவர் பொறுப்பேற்ற மூன்று மாதத்திற்குள் கற்றுக்கொள்ளட்டும். கூட்டுறவு வாரிய உறுப்பினர்களுக்குப் பயிற்சி தர நாட்டில் தனி நிறுவனமே இருக்கிறது. தணிக்கையாளர் சொல்வது புரியாமல் போடும் ஒவ்வொரு கையெழுத்தும் எங்கள் நட்டமாக முடியலாம்.

3. குத்தகையோ ஒப்பந்தமோ வாரிய உறுப்பினரின் உறவினருக்கோ நிறுவனத்திற்கோ போகும் நிலை வந்தால், அவர் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியேற வேண்டும். வெளியேறியது கூட்டக் குறிப்பில் பதிவாக வேண்டும். இதற்குச் செலவே இல்லை. தள்ளிப்போடக் காரணமும் இல்லை.

4. உறுப்பினர் வாக்களிக்காமல் நிலம் விற்கக் கூடாது. சேமிப்பு முழுவதையும் ஒரே தொழிலில் போடக் கூடாது. முதலீட்டு விதிகளை எழுதி, அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். போர்ட்டிக்சன் பக்கம் தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாக மாறிவரும் இந்த நேரத்தில் விற்ற நிலத்தைத் திரும்ப வாங்க எங்களால் முடியாது.

5. இறந்தவர்களின் பங்கு வாரிசுகளுக்குச் சேர வேண்டும். அடையாள அட்டையில் 'முனியம்மாள்', தோட்டக் கிராணி எழுதிய பத்திரத்தில் 'முனிமா' என்றிருந்தால் பிள்ளைகள் அலுவலகம் அலுவலகமாக அலைகிறார்கள். லுக்குட்டுக்கே வந்து முகாம் போட்டுப் பெயர்களைத் திருத்துங்கள். முதல் தலைமுறைப் பங்குதாரர்கள் மூப்படைந்துவிட்டார்கள். அவர்கள் இருக்கும்போதே இதை முடிக்க வேண்டும்.

6. பதவிக்காலத்திற்கு வரம்பு வேண்டும். ஒவ்வொரு வாரியத்திலும் தோட்டத்தில் வேலை செய்த பெண் ஒருவருக்கும், நாற்பது வயதுக்குட்பட்ட ஒருவருக்கும் இடம் வேண்டும். தொடர்ந்து மூன்று கூட்டத்திற்கு வராதவர் விலகட்டும். எங்கள் பிள்ளைகளில் கணக்காளர்களும் வழக்கறிஞர்களும் இருக்கிறார்கள். ஆளில்லை என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

கோயில், பள்ளி வாரியங்களுக்கும் இவை பொருந்தும். அறுபது நாளுக்குள் ஒவ்வொரு கோரிக்கைக்கும் நிறைவேற்றும் தேதியோடு எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். தேதி குறிக்காத வாரியத்திடம் சிறப்புப் பொதுக்கூட்டம் கோரிக் கையெழுத்து வாங்குவோம். அந்தக் கூட்டத்தில் தாமதத்திற்கான காரணத்தை நேருக்கு நேர் கேட்போம்.